கொப்பித் தாளில் முடிந்த கல்யாணம்

எங்கள் கல்யாணத்தை முடித்துவைக்க ஆண்டியப்பன் தலைவர் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டார். பேனையில் மை வரவில்லை. உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார், வாயால் ஊதினார். தொழிற்சங்கத்துக்கு இருபது வருடமாக அவர்தான் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் தலைவர். தோட்டத்தை நடத்தும் துரையின் முன்னால் போனால் வாய் திறக்காது. ஆனால் புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து லெட்டர் எழுதுவதில் எங்கள் தோட்டத்தில் அவரை அடிக்க ஆளில்லை.

என் புருஷன் சுமன் தலைவர் வீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். கொழும்பில் சாப்பாட்டுக்கடை வேலை. இரண்டு வருடம் கழித்து, தலைமயிரைச் செம்பட்டையாக்கிக்கொண்டு இங்கே லிந்துலையில் வந்து இறங்கியிருக்கிறான். அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம். அதைச் சொல்லத் துப்பில்லை. எங்களுக்கு ஒத்துவரவில்லையாம். ஒத்துவருமா வராதா என்று பார்க்கவாவது இவன் வீட்டில் இருந்திருக்க வேண்டாமா?

தலைவர் எழுதியதை வாசித்தார். "இருவரும் மனமொத்துப் பிரிகிறோம். கேஸ் அடுப்பு மனைவிக்கு. டிவி கணவனுக்கு. பிள்ளை தனுஜா கணவனின் தாயாரிடம் வளரும்."

டிவிக்கு அடுத்த வரியில் என் பிள்ளை. ஒன்பது வயது அவளுக்கு. நானுஓயாவில் இருக்கும் என் மாமியாருக்குத் தண்ணீர் தூக்க ஆள் வேண்டும், அதற்குப் பேத்திப் பாசம் என்று பேர்.

"பொம்பளப் புள்ள. நீ விடிஞ்சா கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருவ. யாரு பாக்கிறது? ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன் ஜீவராணி, கையெழுத்துப் போடு" என்று தலைவர் பேனையை நீட்டினார்.

நான் சும்மா வரவில்லை. போன புதன்கிழமை வேலைக்குப் பேர் போடாமல் நுவரெலியாவுக்குப் போய், இலவசமாகச் சட்டம் சொல்லும் ஆபீசில் அரைநாள் காத்துக் கிடந்தேன். பதிவு செய்த கல்யாணத்தை மாவட்ட நீதிமன்றம்தான் ரத்துச் செய்யலாம், சண்டை வந்தால் பிள்ளை யாரிடம் என்பதையும் நீதிமன்றம்தான் சொல்லும், அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று அங்கிருந்த சட்டத்தரணி மூன்று தரம் சொல்லி அனுப்பினாள்.

"இந்த லெட்டர் செல்லாதுங்க தலைவரே" என்றேன்.

"செல்லாதா? முத்திர ஒட்டி, நான் சாட்சி போட்டு, பன்னெண்டு லெட்டர் குடுத்திருக்கேன். எல்லாரும் மறு கல்யாணம் கட்டிக்கிட்டு நல்லாத்தான் இருக்காங்க!"

"பன்னெண்டும் செல்லாது. பதிஞ்ச கல்யாணம் பதிஞ்சபடியேதான் இருக்கு. ரெண்டாவதா கட்டுனதுதான் கல்யாணமே இல்ல."

அதைச் சொல்ல எவ்வளவு ருசியாக இருந்தது! தலைவர் முகம் செத்துப் போவதைப் பார்க்கக் காத்திருந்தேன். செத்துத்தான் போனது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. குசினி வாசலைப் பார்த்தார்.

அங்கே அவர் மகள் வினோதா பால் இல்லாத பிளேன்டித் தட்டோடு நின்றாள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள், ஏழு மாத வயிறு. குடிகாரன் ஒருவனிடம் அடிபட்டுக் கிடந்தவளை மீட்கத்தான் தலைவர் முதன்முதலில் லெட்டர் எழுதினார். அதை வைத்துத்தான் வட்டகொடையில் நல்ல பையன் ஒருவனுக்கு மறுபடி கட்டிக்கொடுத்தார். தோட்டமே அறிந்த கதை. பேசிய வேகத்தில் எனக்கு மறந்துவிட்டது.

யாரும் கிளாசை எடுக்கவில்லை. சுமன்தான் வாயைத் திறந்தான். "அப்ப என்னோட லெட்டரு என்னாகும் தலைவரே?" வயிற்றுப் பிள்ளைக்காரி முன்னால் நிற்கிறாள், இவனுக்கு இவன் கவலை. இவனோடா பத்து வருடம் குடும்பம் நடத்தினேன் என்று எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"புள்ள என்கிட்டதான் இருப்பா. வேணும்னா கோட்டுக்கு வா" என்று அவனிடம் சொல்லிவிட்டு எழுந்தேன்.

லயத்து வீடுகளின் படியில் பாதி இறங்கியபோது பின்னால் வினோதா வந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, அந்த ஆபீசு எங்க இருக்கு? வயித்துல இருக்கிறதுக்கு அப்பா பேரு போட முடியுமான்னு கேக்கணும்."

பேர் விஷயம் எனக்குத் தெரியாது, ஆபீஸ் நுவரெலியாவில் இருக்கிறது என்றேன். அவளுக்குப் பின்னால் தலைவர் செருப்பில்லாமல் இறங்கி வந்தார். கொப்பியையும் பேனையையும் என்னிடம் நீட்டினார்.

"அட்ரஸ எழுதிக் குடும்மா."

எழுதப் போனேன். மை வரவில்லை. என் உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன்.