கிரிவலம் போய்வந்த ஞானஸ்நானச் செம்பு

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. மஞ்சள் பையில் போட்டு ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். 1995 ஏப்ரல் கடைசியில், ஆரணியிலிருந்து வந்த கஸ்தூரி என்ற அம்மாள் திருவண்ணாமலை செங்கம் ரோட்டிலுள்ள எங்கள் சபையின் கேட்டருகே நின்று, பையிலிருந்து ஒரு வெள்ளிச் செம்பை எடுத்து நீட்டினார்.

"இது உங்க கோயிலுதுதானுங்களே? அன்னைக்கு அவசரத்துல எடுத்துக்கினு போயிட்டோம். மலையைச் சுத்தி முடிச்சப்புறந்தான் பார்த்தேன்" என்றார்.

அது எங்கள் ஞானஸ்நானச் செம்பு. குழந்தைகளின் தலையில் ஆயர் தண்ணீர் ஊற்றுவது அதிலிருந்துதான். காம்பவுண்டை விட்டு ஒருநாளும் வெளியே போகாத அந்தச் செம்பு கிரிவலம் முடித்துவிட்டு வந்திருந்தது. இதை எழுதாமல் விட்டால் எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. [நான் எழுத்தாளனா என்பது வேறு கேள்வி. இதுவரை சபையின் ஆண்டு மலரில் மட்டும்தான் வந்திருக்கிறேன்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "புனித வெள்ளியின் நண்பகலில் சூரியன் தன் அனல் கதிர்களை..." போதும். சூரியன் என்ன செய்யும் என்று திருவண்ணாமலைக்காரருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

அடுத்து இப்படி: "சலோமிக்கு அன்று பிரசங்க பீடம் கிடைத்தது." இது பரவாயில்லை. ஆனால் பீடம் கிடைப்பது என்றால் என்னவென்று சொல்லாவிட்டால் வெளியாருக்குப் புரியாது. புனித வெள்ளியன்று பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை எங்களுக்கு ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பீடத்தில் ஏறித் தியானம் சொல்வார்கள். ஏழு பேரும் ஆண்கள். சலோமி பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவர். வேதத்தை அவரளவுக்குப் படித்தவர் சபையில் யாருமில்லை. வருடா வருடம் கேட்டார், வருடா வருடம் "பார்க்கலாம்மா" என்றோம். அந்த வருடம் ஐந்தாம் வார்த்தையைக் கொடுத்தோம். தாகமாக இருக்கிறது என்று இயேசு சொன்னது அது. ஏழில் சின்னவற்றில் அதுவும் ஒன்று. சீக்கிரம் முடித்துவிடுவார் என்று எங்களுக்கு ஒரு கணக்கு.

ஒரு நிபந்தனை உண்டு. அது எல்லோருக்கும் பொது. பீடத்தில் ஏறியவர் முடிக்காமல் இறங்கினால், பிறகு எப்போதும் ஏற முடியாது.

(தாகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது தாகத்தோடு ஒருவர் வாசலுக்கு வந்தார் என்று எழுதினால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் சிரிப்பார். அதனால் ஒரு பிரதியில் சலோமிக்கு நான்காம் வார்த்தையைக் கொடுத்துப் பார்த்தேன். கதை நகரவே இல்லை. நடந்தது ஐந்தில்தான், நான் என்ன செய்ய?)

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று சபைக் கமிட்டி மூப்பர் மாசிலாமணியைப் பிடித்து வைத்தேன். 1989 வாக்கில், கிரிவலக் கூட்டம் பெருகத் தொடங்கியபோது, பௌர்ணமி தோறும் கேட்டைப் பூட்டச் சொன்னவர் அவர்தான். காம்பவுண்டுக்குள் ஓர் அடிபம்பு இருக்கிறது. ஊரில் எது வற்றினாலும் அது வற்றாது. "சுத்தறவங்களுக்குத் தண்ணி குடுத்தா நாமளும் கூடச் சுத்தின மாதிரிதானே?" என்று கேட்டார். எல்லோரும் ஆமென் என்றோம். அன்றிலிருந்து சாவி, ஆயர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

[மாசிலாமணிக்குப் பெரிய மீசை வைத்து, கண்ணைச் சிவக்க வைத்து எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டேன். சபையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் வாசலில் வந்து நிற்பது அவருடைய டிவிஎஸ் 50தான். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு என்ன வில்லத்தனம் செய்வது?]

4

அந்த வருடம் புனித வெள்ளியும் தமிழ்ப் புத்தாண்டும் ஒரே நாளில் வந்தன. சாயங்காலம் பௌர்ணமி வேறு தொடங்குகிறது. காலையிலேயே ரோடு நிறைந்துவிட்டது. கேட்டைப் பூட்டியாயிற்று.

சலோமி பீடத்தில் ஏறினார். நாங்கள் தலையைக் குனிந்திருந்தோம். பீடம் உயரமானது, அங்கே நிற்பவருக்கு மட்டும் பக்கத்து ஜன்னல் வழியாக ரோடு தெரியும்.

"அவரைச் சுத்தி அவ்வளவு பேர் நின்னாங்க. தாகம்னு கேட்டப்ப ஒருத்தர்கூட..." என்றவர் நிறுத்திவிட்டார். அழுகை வந்துவிட்டது போலும் என்று நினைத்தோம். நிமிர்ந்து பார்த்தால் படியில் பாதி இறங்கியிருந்தார்.

"டீச்சர், எறங்காதீங்க. போயிடும்" என்றார் மாசிலாமணி. மிரட்டவில்லை, கெஞ்சினார்.

சலோமி நின்றார். பீடத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி அரைப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், தரமாட்டேன். பிறகு வெஸ்ட்ரிக்குள் போய்ச் சாவியையும் கைக்கு அகப்பட்ட ஒரு செம்பையும் எடுத்துக்கொண்டு ஓடினார். அது எந்தச் செம்பு என்று அவர் பார்க்கவே இல்லை.

5

இனி வருவது கஸ்தூரி சொன்னது.

"எனக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா உருண்டே மலையைச் சுத்தறேன்னு எங்க வீட்டுக்காரரு வேண்டிக்கினாரு. முடியற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டேன்னு வேற. எனக்கு நல்லாயிடுச்சு. இவருதான் போயிடுவாரு போல இருந்துச்சு."

கணவர் மூர்த்தி தார் ரோட்டில் உருண்டு வர, முன்னால் கஸ்தூரி குடத்திலிருந்து தண்ணீர் தெளித்துக்கொண்டே போயிருக்கிறார். எங்கள் கேட்டுக்கு நேராகக் குடம் காலி. மூர்த்தி உருளவில்லை, அசையவும் இல்லை. கஸ்தூரி கேட்டைப் பிடித்து உலுக்கினார். சலோமி ஜன்னலில் பார்த்தது அதைத்தான்.

பூட்டைத் திறந்தார், பம்பை அடித்தார். முதல் செம்பு ரோட்டுக்கு, இரண்டாவது மூர்த்தியின் மார்புக்கு, மூன்றாவது வாய்க்கு. மூர்த்தி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

"வேணாம்மா. விரதம்."

"நானும் நேத்து ராத்திரிலேருந்து குடிக்கலங்க."

"நீங்க எந்தச் சாமிக்கு?"

"எங்க சாமி தாகத்தோட செத்த நாளு இன்னைக்கு. அதுக்கு உபவாசம்."

மூர்த்தி யோசித்தார். "அப்ப நீங்களும் குடிக்கக் கூடாதேம்மா" என்றார். கிடக்கிற கிடையில் அடுத்தவர் விரதத்துக்கும் கவலை.

"நான் குடிச்சா நீங்க குடிப்பீங்களா?"

பதில் வருவதற்குள் சலோமி செம்பைத் தூக்கி மடமடவென்று பாதியைக் குடித்துவிட்டு நீட்டினார். மூர்த்தி மனைவியைப் பார்த்தார்.

"குடிங்க. ரெண்டு சாமியும் பேசித் தீத்துக்கும்" என்றார் கஸ்தூரி.

குடித்தார். கேட்டருகே இருந்த வேப்பமரத்தடியில் படுத்திருந்தார். மிச்சத்தைச் சாயங்காலம் நடந்தே முடித்தாராம். "குடம் வெயிட்டா இருந்துச்சு, செம்பு கைக்குத் தோதா இருந்துச்சு, அப்படியே வந்துடுச்சுங்க."

உள்ளே எங்களுக்குப் பம்பின் சத்தம் மட்டும் கேட்டது. இந்த இடத்தில் கதையை முடிக்கலாம் என்று, மாசிலாமணி கண்ணீரோடு இன்னொரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதாக எழுதினேன். எழுதியது எனக்கே ரொம்பப் பிடித்துவிட்டது. அதனாலேயே சந்தேகம் வந்து அடித்துவிட்டேன். உண்மையில், சலோமி நனைந்த சேலையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஆயர் ஆறாம் வார்த்தைக்குப் போய்விட்டார்.

6

அடுத்த பௌர்ணமி மே மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேட் பூட்டியிருந்தது. ஆராதனை முடிந்து வெஸ்ட்ரியில் கமிட்டி கூடியது. சலோமிக்கு இனி பீடம் உண்டா இல்லையா என்பது கேள்வி. செம்பு மேஜை நடுவில் இருந்தது.

"மலையைச் சுத்திட்டு வந்திருக்கு. இனிமே இதுல எப்படிங்க ஞானஸ்நானம் குடுக்கறது?" என்றார் மாசிலாமணி.

"கழுவிட்டுக் குடுங்க" என்றார் சலோமி. யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"உபவாசத்தையும் முறிச்சிட்டீங்க. வருத்தமா இல்லியா டீச்சர்?"

"பீடம் போயிடும்னு வருத்தமாத்தான் இருக்குங்க. ராத்திரியெல்லாம் அழுதேன். ஆனா மறுபடி ஜன்னல்ல தெரிஞ்சா மறுபடி எறங்குவேன். அதைத் தெரிஞ்சிக்கினே ஓட்டு போடுங்க."

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். ஓட்டெடுப்பின்போது சம்பந்தப்பட்டவர் காம்பவுண்டில் இருக்கக் கூடாது. எங்களிடம் விதிகளுக்குப் பஞ்சமில்லை. எண்ணி முடிக்கும் முன் எழுந்து வெளியே போகும் உறுப்பினருக்கு ஓட்டில்லை என்பது இன்னொன்று. சமமாக நின்றால் பழைய வழக்கமே ஜெயிக்கும் என்பது மற்றொன்று.

சலோமிக்கு எதிராக மூன்று கைகள் உயர்ந்தன. ஆதரவாக மூன்று. ஏழாவது ஆள் நான். (என்னைக் கதைக்குள் விடக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் ஓரமாக நின்றேன்.) ஆதரவாகக் கையைத் தூக்கினேன். எண்ணுவதற்கு ஆயர் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அப்போது

7

அப்போது கேட்டை யாரோ உலுக்கினார்கள்.

மே மாதம், பகல் ஒரு மணி. ஆயர் இன்னும் கண்ணாடியைத் தேடுகிறார். மாசிலாமணி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். எழுவாரா என்று அவருக்கே தெரியவில்லை. நான் எழுந்தால் சலோமிக்குப் பீடம் போய்விடும். எழாவிட்டால், அவர் எதற்காக இறங்கினாரோ அது போய்விடும். பல முடிவுகளை எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் வெயிலில் நிற்கிறார்.

ஆனால் நீங்கள் கமிட்டியில் இல்லை. உங்களுக்கு ஓட்டும் இல்லை, உங்களைத் தடுக்க விதியும் இல்லை. நான் கையைத் தூக்கியபடி இங்கேயே இருக்கிறேன். நீங்கள் கொஞ்சம் எழுந்து போங்களேன். சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் இருக்கிறது. மேஜையிலிருக்கும் செம்பை எடுத்துக்கொள்ளுங்கள், நான் பார்க்கவில்லை. பம்பில் முதல் நாலைந்து அடிக்கு வெறும் காற்றுதான் வரும். விட்டுவிடாமல் அடியுங்கள்.