உத்திராபதியின் வலது கால்

உத்திராபதி பீடியை விட்டுவிட்டான். அதை அவன் மனைவி குஞ்சம்மாள் நம்பவில்லை.

குவாரியில் கல் உடைக்கிறவன். வலது கால் பெருவிரல் கறுத்துப் புண்ணானதும் அரியலூர் டாக்டரம்மாவிடம் போனார்கள். "ரத்தக்குழாய்ச் சுவர்ல சுருங்கி விரியற சதை இருக்கு. பீடி அதை இறுக்கிடுது. இந்த மாத்திரை அந்த இறுக்கத்தைத் தளர்த்தும். பீடியை விடலைன்னா கால் போயிடும்" என்றார். அன்றே பஸ் ஸ்டாண்டுச் சாக்கடையில் பீடிக்கட்டைப் போட்டான்.

மாத்திரையைக் குஞ்சம்மாளே கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்றாள். புண் ஆறவில்லை. அடுத்த விரலும் கறுத்தது.

"திருட்டுத்தனமா குடிக்கிறியா?" என்றார் டாக்டர்.

"சத்தியமா இல்லீங்க."

வீட்டுக்கு வந்ததும் குஞ்சம்மாள் அவன் வாயை மோந்து பார்த்தாள். சட்டைப்பையைக் கவிழ்த்தாள். தினமும் அதே வேலையானது. ஒன்றும் அகப்படாததில் ஆத்திரம் கூடியது.

"எங்கய்யா ஒளிச்சு வெச்சிருக்க? கோவணத்துலயா?"

பக்கத்து வீட்டுப் பூமாலை சிரித்தாள். உத்திராபதி தலையைக் குனிந்துகொண்டான்.

புண்ணில் புழு வைக்காமலிருக்க அவள் ஈரப் புகையிலை வைத்துக் கட்டுவாள். அவள் அப்பன் மாட்டுப் புண்ணுக்குக் கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மட்டும் பிரித்துக் கழுவி, வெறும் துணி சுற்றுவாள். நாட்டு வைத்தியம் என்றால் டாக்டரம்மா திட்டுவார்.

ஒரு மத்தியானம் வலி தாங்காமல் அவன் கத்தினான். கட்டு மாற்ற நேரமில்லை. கிடைத்த வேனில் ஏற்றினார்கள்.

டாக்டர் துணியைப் பிரித்தார். பழுப்பு இலையை இடுக்கியால் தூக்கினார்.

"எத்தனை நாளா இது?"

"மொதல்லேருந்துங்க. புழு வைக்கக் கூடாதுன்னு..."

"புகையா போனா என்ன, புண்ணு வழியா போனா என்ன? ரத்தத்துல கலந்து குழாயை இறுக்கத்தானே செய்யும். நான் தளர்த்தத் தளர்த்த நீ இறுக்கியிருக்கம்மா."

திருச்சி ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

கண் விழித்தவன், போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தான். கட்டில் ஓரத்தில் குஞ்சம்மாள் அழுதுகொண்டிருந்தாள்.

"சட்டை அங்க தொங்குது பாரு" என்றான். "இன்னிக்கு இன்னும் பையைப் பாக்கலியே நீ."