கைநாட்டு

பட்டமளிப்பு அங்கி போட்ட தம்பியின் படம் தொண்டியிலிருந்து வந்த அன்றே கல்லாவுக்கு மேலே ஏறிவிட்டது. அதற்கு முன் அந்த ஆணியில் நாள்காட்டி தொங்கியது. மஸ்தானுக்குத் தேதி பார்க்க வேண்டுமென்றால் இப்போது சமையற்கட்டுக்குப் போக வேண்டும்.

கடல் கடந்து வந்து, புக்கிட் ரோத்தானில் அவர்களுக்குச் சாப்பாட்டுக் கடை. முன்பக்கம் மளிகையும் உண்டு. வருகிறவர்களிடமெல்லாம் அத்தா மதார் சாகிபு படத்தைக் காட்டினார்.

"நம்ம சின்னவன், கிஃபாயத்துல்லா. மெட்ராஸ்ல பி.காம். முடிச்சிட்டான்."

"அப்ப இங்க நிக்கிறது யாரு பாய்?" எஸ்டேட்டிலிருந்து வந்த அந்தோணிதாஸ் மஸ்தானைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"அவனா? அவன் கடையப் பாத்துக்கிறான்."

மஸ்தான் பால் டின்னில் ஆணியை வைத்து இரண்டு ஓட்டை போட்டான். காட்டில் ஒளிந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று அவசரகாலச் சட்டம். ஓட்டை போடாமல் டின் விற்கக் கூடாது.

"குத்துங்க லா, நல்லாக் குத்துங்க. லயத்துக்குப் போறதுக்குள்ள பாதிய என் சைக்கிள் குடிச்சிரும்," என்றான் அந்தோணிதாஸ்.

மஸ்தான் சிரிக்கவில்லை. அரிசிக் கணக்கை எடுத்து அன்றைய வரியை எழுதினான். எவ்வளவு வந்தது, எவ்வளவு விற்றது, யாருக்கு. தினமும் இங்கிலீஷில் எழுதி, வாரம் ஒருமுறை அந்தத் தாள்களைக் கோலா சிலாங்கூருக்கு அனுப்ப வேண்டும். அவன் படித்தது தமிழ்ப் பள்ளியில் நாலாவது வரை. தம்பியை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பிய வருஷம் அவனைக் கடையில் நிறுத்தினார்கள். தம்பி மெட்ராஸுக்குப் படிக்கப் போனபோது விட்டுப்போன நோட்டுகளைப் பார்த்து, கூட்டமில்லாத மத்தியானங்களில் மூன்று வருஷம் எழுதிப் பழகினான். எழுத்து வலப்பக்கம் சாயும். கீழே இறங்கும் வால் நீண்டு சுழியும். அத்தா அந்தக் கணக்கைத் திறந்து பார்த்ததில்லை. அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

தம்பி வேலைக்கு வர வேண்டும். முன்போல் கப்பல் ஏறி வந்துவிட முடியாது. அனுமதி வேண்டும். இந்த வேலையைச் செய்ய இங்கே ஆள் இல்லை என்று முதலாளி எழுதித் தர வேண்டும். மனு எழுதும் உடையப்பன் தட்டச்சு செய்து, வாசித்துக் காட்டினார்.

"கடைக்குக் கணக்கெழுத ஆள் இல்ல. மூத்த மகன் எழுதப் படிக்கத் தெரியாதவன். அதனால பட்டதாரி வேணும். மஸ்தான், இங்க கைநாட்டு வைங்க."

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்."

"தெரியும்னு காட்டினீங்கன்னா உங்க தம்பி அங்கேயே இருப்பாரு."

"வையிடா," என்றார் அத்தா. "உனக்கென்ன கொறஞ்சிரப் போவுது? அவன் வந்து கல்லாவுல ஒக்காருவான். நீ உள்ள அடுப்பப் பாத்துக்க."

வைத்தான். மறுநாள் மாவு பிசைந்தும் கட்டைவிரலில் மை போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கோலா சிலாங்கூர் அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை. பக்கத்தில் மொழிபெயர்க்க, கிராணி என்று அங்கே அழைக்கும் குமாஸ்தா சிவானந்தம். துரை மஸ்தானை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பார்த்தாலே தெரிகிறது, மூத்தவன் மரமண்டைதான்," என்று இங்கிலீஷில் சொன்னார். சிவானந்தம் அதை மொழிபெயர்க்கவில்லை. மஸ்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது சுட்டது.

பிறகு துரை இரண்டு தாள்களை அருகருகே வைத்தார்.

"இது யார் எழுத்து?"

அத்தா குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு உறையின் மேலும் அவர் பார்க்கிற எழுத்து.

"ரெண்டும் என் சின்ன மவன் எழுத்து. பாருங்க, அச்சடிச்ச மாதிரி இல்ல?"

சிவானந்தம் தயங்கித் தயங்கிச் சொன்னார். துரை நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"ஒன்று அவன் இந்தியாவிலிருந்து நிரப்பி அனுப்பிய படிவம். மற்றது போன செவ்வாய்க்கிழமை உங்கள் கடையின் அரிசிக் கணக்கு. திருட்டுத்தனமாக வந்துவிட்டானா? எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?"

சிவானந்தம் தமிழில் சொன்னதும் அத்தா தாள்களை மறுபடி குனிந்து பார்த்தார். வாசலில் நின்ற போலீஸ்காரன் உள்ளே வந்தான்.

சொன்னால் தம்பி வர மாட்டான். சொல்லாவிட்டால் அத்தா இன்றைக்கே உள்ளே போவார். அத்தாவைக் காப்பாற்றத்தான் மஸ்தான் பேசினான் என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். மஸ்தான் மறுக்கவில்லை. உண்மைக் காரணம் அவனுக்குத் தெரியும்.

"பேனா குடுங்க," என்றான், இங்கிலீஷில்.

செவ்வாய்க்கிழமை வரியை அப்படியே எழுதினான். சாய்வு, வால், சுழி. அடியில் தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டான். தேவையில்லாமல் தேதியும் போட்டான்.

துரை மூன்று தாள்களையும் பார்த்தார். பிறகு உரக்கச் சிரித்தார். "அப்புறம் இன்னொருத்தன் எதற்கு உங்களுக்கு?"

சிவானந்தம் வாயைத் திறந்தார்.

"புரிஞ்சிச்சு," என்றான் மஸ்தான்.

பொய் மனுவுக்கு எச்சரிக்கையோடு விட்டார்கள். மனுவின் குறுக்கே துரை சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார்.

பஸ்ஸில் திரும்பினார்கள். புக்கிட் ரோத்தான் நெருங்கும்போது அத்தா கேட்டார்.

"எப்படிடா அவன் எழுத்து உனக்கு வந்திச்சு?"

"அவன் நோட்டப் பாத்து எழுதிப் பழகினேன்."

"அதான்," என்றார் அத்தா. கொஞ்சம் தெம்பு வந்ததுபோல் இருந்தது. "அதான் அவ்வளவு நல்லா இருக்கு."

மஸ்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கடைக்கு வந்ததும் அத்தா ஒரு தாளைக் கல்லாவின் மேல் வைத்தார். "தம்பிக்கு எழுது. பெர்மிட் கெடைக்கலன்னு மட்டும் எழுது. ஏன்னு எழுதாத. புள்ள மனசு ஒடஞ்சிரும்."

மஸ்தான் கல்லாவில் உட்கார்ந்தான். தம்பிக்கு இதுவரை தமிழில்தான் எழுதியிருக்கிறான். இன்று இங்கிலீஷில் எழுதினான். கைநாட்டு வைத்ததிலிருந்து பேனா கேட்டது வரை, ஒன்றையும் விடாமல். ஒவ்வொரு வாலையும் நன்றாக நீட்டிச் சுழித்தான்.

அத்தா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலையாட்டினார். மடித்து உறையில் போட்டு, நாக்கால் தடவி ஒட்டி, தபால் பெட்டிக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தெருவைக் கடக்கும்வரை மஸ்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே போய் நாள்காட்டியை எடுத்துவந்து, அதே ஆணியில், படத்தின் மேல் மாட்டினான்.