ஃபார்கஸ் சொன்ன கடைசிக் கதை

டோரா அப்பாவுக்கு டை கட்டிக்கொண்டிருந்தாள். முதுகுக்குத் தலையணைகளை முட்டுக்கொடுத்து, இரவுச் சட்டைக்கு மேலேயே கோட்டும் போட்டுவிட்டிருந்தாள்.

"இறுக்காதம்மா. தூக்குலயா போடப்போற?"

"பேசாம இருங்கப்பா, மூச்சு வாங்குது."

"அவன் வந்தப்புறந்தான் மூச்சு வேணும். இப்ப எதுக்கு?"

வரப்போகிறவன் கிளிஃபர்ட். ஒரு காலத்தில் ஸ்டுடியோவில் அப்பா ஜூலியஸ் ஃபார்கஸின் அறைக்கு வெளியே உட்கார்ந்து டைப் அடித்தவன். இன்று அதே ஸ்டுடியோவில் எந்தப் படம் எடுப்பது என்று முடிவு செய்கிறவன்.

ஜூலியஸ் புடாபெஸ்டில் தொப்பி தைத்தவரின் மகன். ஊமைப்பட நாட்களிலேயே ஹாலிவுட்டுக்கு வந்தவர். அழுத நடிகைகளைச் சமாதானப்படுத்தி, குடித்துக் கிடந்த எழுத்தாளர்களை எழுப்பி உட்காரவைத்து, கத்துகிற ஸ்டுடியோ முதலாளியிடம் அவரைவிட உரக்கக் கத்தி, வருஷத்துக்கு இரண்டு மூன்று படம் தயாரித்தார். எல்லாம் ஓடின. யுத்தத்துக்குப் பிறகு வரிசையாகச் சில படங்கள் விழுந்தன. ஒரு காலை ஸ்டுடியோ வாசலில் காவலாளி, "உங்கள உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவுங்க" என்றான். டோராதான் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளே காரைத் திருப்பி அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அதற்குப் பிறகு படுக்கையில் விழும்வரை அவர் கதை சொல்லாத நாளில்லை. கேட்கத்தான் ஆளில்லை.

கிளிஃபர்ட் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தான். தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தான்.

"எப்படி இருக்கீங்க முதலாளி? ராஜா மாதிரி இருக்கீங்களே!"

"பொய் சொல்ல நல்லாக் கத்துக்கிட்ட. உக்காரு."

"இல்ல, நிக்கறேன். சொல்லுங்க."

ஜூலியஸ் இரண்டு கைகளையும் உயர்த்திப் படச் சட்டம்போல் பிடித்தார். "ரயிலு. விடியற நேரம். கல்யாண உடுப்போட ஒருத்தி இறங்கறா. தப்பான ஊரு. அவளுக்கு அது தெரியாது."

கிளிஃபர்ட் ஜன்னல் பக்கம் போய் நின்றான். கீழே தண்ணீரில்லாத நீச்சல் குளத்தில் இலைகள் குவிந்து கிடந்தன.

"பிளாட்பாரத்துல ஒருத்தன் பூங்கொத்தோட நிக்கறான். வேற யாருக்கோ காத்திருக்கான். இவ நேரா அவங்கிட்ட போறா..." குரல் பழைய குரலாகியிருந்தது. டோரா கதவில் சாய்ந்து கேட்டாள். "போயி... அவன் முகத்தப் பாத்து..."

கைகள் போர்வையின்மேல் இறங்கின. வாய் திறந்தபடியே நின்றது. கண்கள் கிளிஃபர்டின் முதுகைப் பார்த்திருந்தன.

மார்பு ஏறி இறங்கவில்லை. டோராவுக்குப் புரிந்துவிட்டது.

கிளிஃபர்ட் இலைகளைப் பார்த்தபடியே, "நல்லா இருக்கு முதலாளி. ரொம்ப நல்லா இருக்கு. யோசிச்சுச் சொல்றேன்" என்றான். திரும்பி, தொப்பியைத் தலையில் வைத்தவன், கட்டில் பக்கம் பார்க்காமலே டோராவிடம் தாழ்ந்த குரலில், "தூங்கிட்டாரு போல. எழுப்பாதீங்க" என்றான்.

"சரி."

"இப்பல்லாம் இந்த மாதிரி கதையெல்லாம் எடுபடாது. நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க."

"சொல்றேன்."

அவனை வாசல்வரை கொண்டுவிட்டாள். கார் கிளம்பும்வரை நின்றாள். மேலே வந்து பார்த்தபோது அப்பாவின் ஒரு கால் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை இழுத்து மூடினாள். டாக்டரைக் கூப்பிட வேண்டும். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, தரையிலிருந்த வெயில் சுவரில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தாள்.