அகழி உறைந்த குளிர்காலம்

பதினோரு நாள் ரோடன்புரோக் கோட்டையின் அகழி உறையாமல் இருந்ததென்றால், உள்ளே இருந்த நாற்பது பேரும் கைவலி பாராமல் உழைத்ததுதான் காரணம். விடிந்ததும் கோடரியோடு இறங்கி, புதிதாகப் பிடித்திருந்த பனிக்கட்டியை உடைத்துத் தள்ளுவார்கள். பன்னிரண்டாம் நாள் காலை கோடரி பட்ட இடத்தில் வெள்ளைத் தழும்புதான் விழுந்தது. பனிக்கட்டி அசையவில்லை.

அலேக்கே கோடரியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். அகழியின் வெளிக்கரை மூலையில் இருந்த மாவு ஆலையை, புருஷன் கொள்ளைநோயில் போன பிறகு, அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். வெஸ்ட்பாலியாவில் போர் தொடங்கி இருபது வருடம் தாண்டியிருந்தது. சம்பளம் கிடைக்காத சிப்பாய்க் கூட்டம் ஒன்று பன்னிரண்டு நாளுக்கு முன் பக்கத்து ஊரைக் கொளுத்தியது. அந்தப் புகையைக் கண்டதுமே கோட்டை மேலாளர் எவர்ட் தூக்குப் பாலத்தை ஏற்றிவிட்டார். ஊரில் பாதிப் பேர் உள்ளே வந்திருந்தார்கள். மீதிப் பேர், கொல்லன் வெஸ்ஸலோடு, மாடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்கள்.

அகழி உறைந்துவிட்டால் கோட்டைக்கும் களத்துமேட்டுக்கும் வித்தியாசமில்லை. அலேக்கே நேராகக் கோட்டையின் சொந்தக்காரி சீமாட்டி சிபில்லாவிடம் போனாள். எவர்ட்டும் அங்கே நின்றிருந்தார்.

"ஆலை மதகைத் தெறந்துட்டா அடித்தண்ணி எறங்கிரும்மா. பனிக்கட்டி மேல கூரை மாதிரி நிக்கும். கால வச்சவன் உள்ள போயிருவான்."

"நம்ம ஆளுங்க யாராவது கால வச்சா?" என்று கேட்டாள் சிபில்லா.

"நம்ம ஆளுங்கதான் உள்ள இருக்காங்களே," என்றார் எவர்ட்.

சீமாட்டி அவரை ஒரு கணம் பார்த்தாள். "எல்லாரும் இல்ல," என்றாள். ஆனாலும் திறக்கச் சொல்லிவிட்டாள்.

மதிலுக்குள்ளிருந்து இழுக்கும் மதகுச் சங்கிலி உறைந்து கிடந்தது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் பலகையைத் தூக்க முடிந்தது. தண்ணீர் ஓடைக்குள் இறங்க இறங்க, அகழி அடித்தொண்டையில் முனகியது. உச்சிவேளைக்குள் தண்ணீர் ஒரு ஆள் இடுப்பளவு இறங்கிவிட்டது. அப்புறம் பனி பெய்து மேலே மூடியது. பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

அந்தச் சிப்பாய்கள் மதியத்துக்கு மேல் வந்தார்கள். அறுபது பேர் இருக்கலாம். சிவப்புத் துணியைக் கழுத்தில் சுற்றியிருந்த தலைவன் ஏற்றிக் கிடந்த பாலத்தைப் பார்த்தான், பிறகு பனிக்கட்டியைப் பார்த்துச் சிரித்தான். பின்னால் திரும்பி ஏதோ சொன்னான். வரிசையைப் பிளந்துகொண்டு காட்டில் பிடிபட்ட, கை கட்டப்பட்ட பதினோரு பேரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வெஸ்ஸல், அவனுக்குப் பின்னால் அவன் மனைவி கெஷே. பனிக்கட்டி தாங்குமா என்று முதலில் இவர்களை நடக்கவிட்டுப் பார்க்கப்போகிறார்கள்.

மதில்மேல் நின்ற அலேக்கேயின் கையை எவர்ட் இறுக்கிப் பிடித்தார். "வாயத் தொறக்காத. உள்ள நாப்பது உசிரு இருக்கு."

வெஸ்ஸலை அவளுக்குப் பிடிக்காது. மாவில் எடை குறைக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் அவன். இப்போது அவன் ஒரு காலைக் கரையிலிருந்து தூக்கியிருந்தான். எவர்ட் சொல்வது சரியான கணக்குத்தான் என்றும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கையை உதறிக்கொண்டாள்.

"வெஸ்ஸல், கால வைக்காத! அடியில தண்ணி இல்ல, அது வெறுங்கூடு!"

வெஸ்ஸல் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டான். துப்பாக்கிக் கட்டையால் முதுகில் இரண்டு அடி விழுந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. "அவ்வளவு ஆசையா இருந்தா நீ போ மொதல்ல," என்றான் தலைவனிடம்.

சிப்பாய்களில் சிலர் பின்வாங்குவது மதில்மேலிருந்தே தெரிந்தது. தலைவனும் அதைப் பார்த்துவிட்டான். "பொம்பள மெரட்டுறா, நீங்க மெரளுறீங்க," என்று சொல்லிக்கொண்டே அவனே இறங்கினான். ஒரு அடி. இரண்டாவது. மூன்றாவதில் கட்டை முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. பனிக்கட்டி பெரிய துண்டாகச் சாய்ந்து அவனைச் சேற்றுக்குள் இறக்கியது. கயிறு போட்டு இழுத்து மேலே எடுத்தபோது அவன் வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது.

அதோடு அவர்களுடைய வேகம் போய்விட்டது. தலைவனுக்கு அடுத்தவன் மதிலுக்குக் கீழே வந்து ஒரு வண்டியும் சாப்பாடும் கேட்டான். பிடித்து வைத்திருப்பவர்களைத் தருவதாகவும், தன் ஆட்களைத் தூரத்தில் நிறுத்துவதாகவும் சொன்னான். பாலத்தை இறக்காமல் கொடுக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. இறக்கினால் எல்லாம் முடிந்தது என்றார் எவர்ட். பாலத்தை இறக்கும் ராட்டினத்தில் கைவைக்க மறுத்துவிட்டார். சிபில்லா கையுறையைக் கழற்றிவிட்டு ராட்டினத்தைப் பிடித்தாள். மறுபக்கம் அலேக்கே பிடித்தாள். பாலம் மெல்ல இறங்கியது. வண்டியில் புகைபோட்ட பன்றித்தொடைகளும் கறுப்பு ரொட்டியும் இரண்டு பீப்பாய் பீரும் போயின. ஒவ்வொருவராகப் பதினோரு பேரும் உள்ளே வந்தார்கள். கெஷே கடைசியாக வந்தாள். அலேக்கேயைத் தாண்டும்போது அவள் தோளில் நெற்றியை ஒருதரம் வைத்துவிட்டு நடந்தாள்.

போகிற வழியில் சிப்பாய்கள் ஆலையைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். எரிந்து முடிகிறவரை அலேக்கே மதிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் வாயை மூடியிருந்தால் வண்டியும் சாப்பாடும் போயிருக்காது, ஆலையும் மிஞ்சியிருக்கும் என்று எவர்ட் சீமாட்டியிடம் முறையிட்டார்.

போர் முடிய இன்னும் எட்டு வருடம் ஆனது. சமாதானச் செய்தி வந்த வசந்தத்தில் சிபில்லா அலேக்கேயைக் கூப்பிட்டு அனுப்பினாள். மதிலை இடிக்கப்போகிறேன், திரும்பக் கட்டும் ஆலைக்குத் தண்ணீர் வேண்டும், அதனால் அகழியில் எந்தப் பக்கத்தைத் தூர்க்கலாம் என்று கேட்டாள்.

"ஊர்ப் பக்கத்த," என்றாள் அலேக்கே.

மதில் கல்லில் முதலில் ஆலை எழுந்தது, பிறகு போரில் காட்டோரத்தில் எரிந்துபோன வீடுகள். சீமாட்டி குடியிருந்த மாளிகைச் சுவரின் அம்புத் துளைகளை அகலமாக வெட்டிக் கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள். தூர்த்த மண் மட்டும் லேசில் அடங்கவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு முழம் அமிழும். ஊரார் மறுபடி வண்டி வண்டியாக மண் கொட்டுவார்கள். நாலாவது வருடம்தான் அது நின்றது. அதன்மேல் பாலமில்லாமல், கதவில்லாமல், மாளிகை வாசல்வரை நேராக ஒரு பாதை போட்டார்கள்.