புதுத்தோல்

ஐஸ் கம்பெனி ஆபீஸ் வாசல் பெஞ்சில் நல்லதம்பி காலையிலிருந்து காத்திருந்தான். விசாரணை அதிகாரியின் ஜீப் பதினோரு மணிக்குத்தான் வந்தது. வந்தவர் நேரே உள்ளே போய்க் கம்பெனி வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சோடு சேர்ந்து நல்லதம்பியின் அடிவயிறும் அதிர்ந்தது.

இரண்டரை மாதத்துக்கு முன்னால் அந்தக் கம்ப்ரசர் ரூமில்தான் அமோனியா குழாய் விரிசல் விட்டது. ஆபரேட்டர் யாக்கூப் வெளியே ஓடாமல் வால்வை மூடப் போனான். ஐஸ் பாளம் இழுத்துக்கொண்டிருந்த நல்லதம்பி ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு நுழைந்து அவனை இழுத்து வந்தான். இருவரும் கண்ணைக் கழுவினார்கள், வாந்தி எடுத்தார்கள், நடந்தே வீட்டுக்குப் போனார்கள். யாக்கூப் சோறுகூடத் தின்றான்.

பொழுது சாய இருவருக்கும் மூச்சு முட்டியது. நல்லதம்பியை ஏற்றிய மீன் லாரியை யாக்கூப் வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல. அவன மொதல்ல கொண்டு போங்க" என்று யாக்கூப் படுத்தபடியே கையை ஆட்டினான். அவன் நெஞ்சுக்குள்ளிருந்து குடம் தண்ணீரில் முங்குகிற சத்தம் வந்தது. லாரியில் கிடந்த நல்லதம்பிக்கும் அது கேட்டது. விடியுமுன் யாக்கூப் போய்விட்டான்.

அடக்குவதற்கு முன்னால் உடலை அறுத்துப் பார்க்க வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள். "அதப் போட்டு ஏன் சங்கடப்படுத்தணும்? சீக்கிரம் அடக்குங்க" என்றார் கம்பெனிக் கணக்கப்பிள்ளை ஆத்மநாதன். உடலைச் சுற்றும் கபன் துணிகூடக் கம்பெனி செலவில் வந்தது. எவ்வளவு பெரிய மனசு என்று ஊரே மெச்சியது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்லதம்பிக்குச் சொன்னார். "அந்த அமோனியா கேஸு ஈரத்தக் கண்டா விடாது. நெஞ்சுக்குள்ள பூரா ஈரம்தானே, உள்தோலப் பொசுக்கிரும். அப்பறம் மெதுவா நீர் கோத்துக்கும். அதத் தாண்டிட்டா, பொசுங்குன எடத்துல புதுத்தோலு தானா வளரும். நீ தாண்டிட்ட. பீடியத் தொடாத."

தாண்டினான். ஆனால் மூச்சை இழுக்கும்போதெல்லாம் அடியில் அதே குடம் முங்கும் சத்தம் கேட்டது. தன் நெஞ்சில் யாக்கூப்பும் சேர்ந்து மூச்சு விடுகிறான் என்றே நினைத்தான். பயந்தான். யாரிடமும் சொல்லவில்லை.

யாக்கூப்பின் மனைவி அஜீசா இத்தாவில் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வெளியே வரக்கூடாது, அந்நிய ஆண் முகம் பார்க்கக்கூடாது. உள்ளிருந்தே மிளகு தட்டிப் போட்டு நண்டுச்சாறு வைத்து, மாமியார் ஹவ்வா உம்மாள் கையில் தினமும் கொடுத்தனுப்பினாள். "நஷ்டஈட்டு விசாரணையில எனக்காகப் பேச அந்த அண்ணன விட்டா ஆரு இருக்கா? அவுகளுக்கு மூச்சு வேணும்ல" என்பாளாம். அந்தச் சாற்றில் அவன் தேறினான்.

பெஞ்சிலிருந்து அவனை உள்ளே கூப்பிட்டார்கள்.

"ரெண்டு பேரும் ரூமுக்குள்ள இருந்தீங்களா?" என்றார் அதிகாரி.

"இருந்தோமுங்க. அவன் ரொம்ப நேரம் இருந்தான். நான் துண்டு கட்டிக்கிட்டு, பின்னாலதான் போனேன்."

"பாத்தது யாரு?"

"நாந்தானுங்க."

ஆத்மநாதன் எழுந்து நின்றார். "ஐயா, ஒரே ரூமு, ஒரே கேஸு. இவன் நல்லாயிட்டான்னு ஆஸ்பத்திரி சர்டிபிகேட்டே இருக்கு. கேஸு கொல்லும்னா இவனையும்ல கொன்னுருக்கணும்? அவரு வீட்டுக்குப் போயி, சோறு தின்னுட்டு, காச்சல்ல செத்துருக்காரு."

"பிரேதப் பரிசோதனை?"

"அவங்க சாதிசனத்துல அதெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க ஐயா."

அதிகாரி நல்லதம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "மூச்ச நல்லா இழுத்து விடுங்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. இருமல் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, இழுக்க முடிந்த மட்டும் இழுத்தான். காற்று தங்குதடையில்லாமல் அடிவரை போய்த் திரும்பியது. இன்னொரு முறை இழுத்தான். குடமும் முங்கவில்லை. யாக்கூப் எங்கோ போய்விட்டிருந்தான். நல்லதம்பிக்கு வெட்கத்தில் காது சுட்டது. அதிகாரி பேனாவைத் திறந்து எழுதினார்.

வாசலில் ஆத்மநாதன் தோளில் தட்டினார். "திங்கக்கெழம வந்துரு. யாக்கூப் எடம் காலியாத்தான் கெடக்கு, கம்ப்ரசரப் பாத்துக்க."

யாக்கூப் வீட்டில் நடுக்கதவுக்குச் சேலைத்துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். ஹவ்வா உம்மாள் பாய் போட்டாள். நல்லதம்பி உட்காரவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றான். திரைக்குப் பின்னால் வளையல் இல்லாத கை தரையில் ஊன்றும் மெல்லிய ஓசை கேட்டது.

"அண்ணே" என்றாள் அஜீசா. "வந்து நின்னா இங்கன வரைக்கும் எரைப்பு கேக்குமே. இன்னைக்குச் சத்தமே இல்ல. நல்லாயிட்டீங்களா?"

அவன் வாயைத் திறந்தான்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் அவள். "இனி நமக்கு என்னண்ணே பயம்?"