மஞ்சள் பிடித்த கல்

ஊர்காவற்றுறையில் பரமலிங்கத்தாரின் நகைக்கடைக்குள் விலைச்சீட்டு என்ற ஒன்று கிடையாது. வருகிற ஆளின் செருப்பைப் பார்த்து விலை பிறக்கும். தேய்ந்த செருப்போடு வந்த துர்க்காவுக்கு அன்று பிறந்த விலை, அவள் கையில் மிஞ்சியிருந்த இரண்டு காப்பும். மாற்றாக, நயினாதீவு அம்மனுக்கு மூக்குத்தி செய்ய ஒரு வைரம். மகளின் காய்ச்சல் இறங்கினால் தருவதாக நேர்ந்திருந்தாள், இறங்கிவிட்டது.

ஜெர்மனியிலிருந்து லீவில் வந்து, சித்தப்பாவின் கடைக் கதிரையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த சர்மிதா, சும்மாதான் லென்ஸை எடுத்துக் கல்லைப் பார்த்தாள். அடிப்பக்க விளிம்புகள் எல்லாம் இரட்டையாகத் தெரிந்தன, நடுவே மயிரிழைத் துளைகளும். வைரத்துக்குள் அப்படித் தெரியாது. தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

அது அவள் வளர்த்த கல். அவள் வேலை செய்கிற கூடத்தில் சிலிக்கன் கார்பைட் தூளை இரண்டாயிரம் பாகைக்கு மேல் சூடாக்குவார்கள். தூள் உருகாது, நேரே ஆவியாகி, மேலே ஒட்டியிருக்கிற விதைப் பளிங்கில் படிந்து, ஒரு கிழமையில் விரல் தடிப்புக்கு வளரும். கைத்தொலைபேசிக் கோபுரங்களின் சூட்டைத் தாங்குகிற சிப்புகளுக்காக அதைத் தட்டுத் தட்டாகச் சீவுவார்கள். உள்ளே மயிரிழைத் துளைகள் மலிந்தால் கழிவு. போன வருசம் அப்படிக் கழித்த துண்டொன்றை, "மேசையில வையுங்கோ, நான் வளத்தது" என்று சித்தப்பாவிடம் கொடுத்திருந்தாள். மனுசன் வெட்டிப் பட்டை தீட்டுவித்திருக்கிறார்.

அவரைப் பின்னறைக்குக் கூப்பிட்டாள்.

"இதென்ன ஈனவேலை, சித்தப்பா?"

"மெசின் வைச்சுப் பாத்தனான். வைரமெண்டுதான் கத்துது."

"வைரம் மாதிரிச் சூட்டைக் கடத்தும், அதால மெசின் ஏமாறுது. கத்தி தீட்டுற சாணைக்கல்லிலயும் இதே சாமான்தான் கிடக்கு."

"மெசினே ஏமாறேக்க மனிசர் ஏமாறக் கூடாதோ?"

சிரித்த வாயெல்லாம் வெற்றிலைச் சாறு.

அவள் வெளியே வந்து, சாமணத்தால் கல்லைப் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினாள். "துர்க்கா அக்கா, வைரமெண்டால் சூட்டுக்கு நிறம் மாறாது. பாருங்கோ."

கல் பழுத்த தேசிக்காய் மாதிரி மஞ்சளாகியது.

பரமலிங்கத்தார் ஒரு கணம்தான் முழித்தார். "பாத்தீரே துர்க்கா? அம்மன் மஞ்சள் பூசிக்கொண்டு வந்திட்டா." கும்பிட்டும்விட்டார்.

துர்க்காவும் கும்பிட்டு, ஒரு காப்பைக் கழற்றி மேசையில் வைத்தாள். தான் செய்த சோதனையே அவருக்கு விளம்பரமாகிப் போனதில் சர்மிதாவின் நாக்கு கசந்தது.

"அக்கா, அது நான் கழிச்ச கல்லு."

"பிள்ளைக்கு வெளிநாட்டுப் படிப்பு, சாமி பிடியாது" என்றார் அவர்.

மற்றக் காப்பு பெருவிரல் மூட்டைத் தாண்டாமல் இறுகி, கழர மறுத்தது. அதோடு துர்க்கா மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, கல் ஆறி மஞ்சள் வடிந்து பழையபடி வெளுத்தது. அவள் குனிந்து பார்த்தாள். வைத்த காப்பை எடுத்துத் திரும்பப் போட்டாள்.

"என்ன, துர்க்கா?"

"அம்மன் வந்தவ எண்டனீங்கள், அண்ணை. இப்ப போயிட்டா. வெறுங்கல்லு எனக்கென்னத்துக்கு? ஒரு காப்பை உருக்கி வேற இடத்தில மூக்குத்தி செய்விக்கிறன். கல்லில்லாட்டி அவ கோவிக்கமாட்டா."

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

பரமலிங்கத்தார் கல்லை ஊதித் துடைத்தார். "அடுத்தமுறை மஞ்சளாகாததா ஒண்டு வளத்துக்கொண்டு வா, பிள்ளை. உன்ர துண்டில வெட்டின மற்ற ரண்டும் போன மாசமே தோடாப் போயிட்டுது. காரைநகர்க் கலியாணம்."

சர்மிதா கல்லைப் பறித்துக் கைப்பையில் போட்டாள். "ஆற்ற கலியாணம்? பேரைச் சொல்லுங்கோ."

அவர் அவளுடைய செருப்பைப் பார்த்தார்.